அட்டையில் இருப்பவள்

அண்ணி அதைப் போனில் சொன்ன விதம்தான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

"வீடு மாத்துறோம்ல, அந்தப் பழைய ஸ்கைடைவிங் பத்திரிகையெல்லாம் பேப்பர்காரருக்குப் போடப் போறேன். உனக்கு ஏதாவது வேணும்னா வந்து பார்த்துக்கோ."

ஓட்டை வாளியைத் தூக்கிப் போடுகிறவள்கூட ஒரு நிமிஷம் யோசிப்பாள். இவள் யோசிக்கவில்லை. சொன்ன கையோடு இன்னொரு போனில் யாரோ லாரி டிரைவரைப் பாலத்துக்கு முன்னாலேயே திரும்பச் சொல்லி விரட்ட ஆரம்பித்துவிட்டாள். அண்ணிக்கு லாரி கம்பெனியில் வேலை. எந்த வண்டி எங்கே போகவேண்டும் என்று நாள் முழுக்கப் போனில் மேய்த்துக்கொண்டிருப்பாள். விடுமுறை நாளிலும் அந்த வாய் ஓயாது.

போனைக் கேட்டுக்கொண்டிருந்தவளை எல்லோரும் இடக்கை என்று கூப்பிடுவார்கள். எழுதுவது, சாப்பிடுவது, கதவைச் சாத்துவது எல்லாம் இடது கைதான். ஊருக்கு வெளியே, விமானத்திலிருந்து குதிக்கிறவர்களுக்கான மைதானத்தில், பாராசூட் மடிப்பது அவள் வேலை. குதித்து இறங்கியவர்கள் துணியை வாரிச் சுருட்டிக்கொண்டு வந்து கொட்டகையில் போட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்கள். அவள் சிக்கல் எடுத்து, கயிறுகளை நீவி, முழங்காலால் அழுத்திக் காற்றை வெளியேற்றி, மடித்துப் பைக்குள் அடக்குவாள். அவள் மடித்தது ஒன்றுகூடத் திறக்காமல் போனதில்லை. அதற்காக யாரும் அவளைப் படம் எடுத்து அட்டையில் போட்டதும் இல்லை.

அதே பத்திரிகைகள் அவளிடமும் இருந்தன. ஒரு இதழ் விடாமல், ஓரம் மடங்காமல், அலமாரியின் மேல் தட்டில், பழைய பாராசூட் துணியில் சுற்றிவைத்திருந்தாள். ஆக, அண்ணி வீட்டிலிருந்து எடுத்துவர அவளுக்கு எதுவுமே தேவையில்லை. அண்ணி அவற்றைத் தூக்கிப்போடக் கூடாது. அவ்வளவுதான் வேண்டும். நமக்குக் கிடைக்காத ஒன்று அடுத்தவளிடம் இருப்பதைக்கூட எப்படியோ சகித்துக்கொள்ளலாம். அதை அவள் அலட்சியமாக வீசுவதைப் பார்க்க நேர்ந்தால் யாருக்கு வயிறு எரியாது?

வயிற்றெரிச்சலுக்குக் காரணம் இருந்தது. அண்ணி அண்ணியாவதற்கு முன்னால் இடக்கையின் சிநேகிதி. இருவரும் ஒன்றாகத்தான் குதிக்கக் கற்றுக்கொண்டார்கள். நான்கு பேர் வானத்தில் விழுந்துகொண்டே கைகோத்துக் கோலம் மாற்றுகிற போட்டிக்கு அணி அமைத்தபோது, முன் இடம் சிநேகிதிக்குப் போனது. இடக்கைக்குக் கிடைத்தது மாற்று ஆள் என்ற பெயர். யாருக்காவது உடம்புக்கு முடியாவிட்டால் குதிக்கலாம். மற்ற நேரத்தில் கீழே நின்று அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலிக்கலாம். பிறகு அந்தச் சிநேகிதி இடக்கையின் அண்ணனையும் கட்டிக்கொண்டாள். அணியில் இடம் போயிற்று, அண்ணனும் போனான், சிநேகிதியும் சொந்தக்காரியாகிவிட்டாள். இத்தனையும் ஒரே ஆள் கைக்குப் போனால் என்னதான் செய்வது?

அணி அமைத்த வருஷத்துப் பெரிய போட்டியில் அண்ணிக்கு நடுவில் காய்ச்சல் வந்தது. இரண்டு சுற்றுகளுக்கு மட்டும் இடக்கை குதித்தாள். இருவருக்கும் ஒரே அளவு என்பதால் அண்ணியின் ஆரஞ்சு உடையையே மாட்டிக்கொண்டாள். அந்த உடையில் பெயரோ எழுத்தோ கிடையாது. அச்சடிக்க அணியிடம் வசதியில்லை. முகத்தை முழுக்க மூடுகிற கறுப்புக் கண்ணாடி ஹெல்மெட். சில மாதம் கழித்துப் பத்திரிகை வந்தது. அட்டை முழுக்க ஆரஞ்சு உடைக்காரி, கேமராவைப் பார்த்துத் தலையை நிமிர்த்தி, இரண்டு கைகளையும் விரித்து, வானமே தன்னுடைய பெட்ஷீட் என்பது போல அதன்மேல் படுத்திருந்தாள். கூட இருந்தவர்களில் இரண்டு முதுகுகளும் ஒரு காலும்தான் தெரிந்தன. உள்ளே அண்ணியின் பெயரைப் போட்டிருந்தார்கள்.

எல்லோரும் அண்ணியைத் தூக்கிவைத்துக்கொண்டு ஆடினார்கள். இடக்கை மட்டும் அந்த அட்டையை வீட்டுக்கு எடுத்துப்போய் அங்குலம் அங்குலமாகப் பார்த்தாள். ஆரஞ்சு உடைக்காரியின் வலது மணிக்கட்டில் உயரம் காட்டும் மீட்டர். கைக்கடிகாரம் மாதிரி அதை எல்லோரும் இடது கையில்தான் கட்டுவார்கள். அணியில் வலது கையில் கட்டிய ஒரே ஆள் இவள்தான்.

ஆக, அது நான்!

இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. முதலில், அவர்களே கண்டுபிடிப்பார்கள் என்று இருந்தாள். கேமராக்காரனிடம் ஒரு தடவை சுற்றிவளைத்துக் கேட்டதற்கு, "எந்தச் சுத்துல எடுத்ததோ, யாருக்கு ஞாபகம்?" என்று கையை விரித்தான். பிறகு அண்ணியின் கல்யாணம் வந்தது, குழந்தை வந்தது, அண்ணி குதிப்பதையே விட்டுவிட்டாள். அட்டை மட்டும் சட்டம் போட்டு அண்ணன் வீட்டு ஹாலில் ஏறிக்கொண்டது. வருகிறவர்களெல்லாம் அதைப் பார்த்துவிட்டு அண்ணியைப் பார்ப்பார்கள். "நீங்களா!" என்பார்கள். அண்ணி சிரித்துக்கொண்டே டீ எடுக்கப் போய்விடுவாள். இடக்கை நாற்காலியில் உட்கார்ந்து பல்லைக் கடிப்பாள். தன்னுடைய படத்துக்கு அடியில் தானே விருந்தாளியாக உட்கார்ந்திருப்பது எப்பேர்ப்பட்ட கொடுமை என்று அவளுக்குத்தான் தெரியும். வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை அவள் அப்படிப் பறந்திருக்கிறாள். அந்த ஒன்றும் இன்னொருத்தி பேரில் சுவரில் தொங்கியது. ஆனாலும் அது தான்தான் என்ற நினைப்பில்தான் அவள் தினமும் அடுத்தவர்களின் பாராசூட்டுக்கு முன்னால் மண்டிபோட்டாள். அது இல்லாவிட்டால் எப்போதோ விட்டுவிட்டுப் போயிருப்பாள்.

பஸ் பிடித்து அவள் போய்ச் சேர்ந்தபோது அண்ணன் வீடு அலங்கோலமாகக் கிடந்தது. லிஃப்ட் மெக்கானிக்கான அண்ணன் நடுஹாலில் சம்மணம் போட்டு, கண்ணாடி டம்ளர்களை ஒவ்வொன்றாகக் காகிதத்தில் சுற்றிக்கொண்டிருந்தான். அந்தக் காகிதத்தில் நீல வானம் தெரிந்தது. இடக்கை குனிந்து பார்த்தாள். பத்திரிகையின் நடுப்பக்கம்.

"அண்ணா! இதையா கிழிச்சே?"

"உங்க அண்ணிதான் குடுத்தா. நல்ல தடிப் பேப்பர், உடையாதுன்னா." அவன் அடுத்த டம்ளரை எடுத்தான்.

கதவோரமாக மீதிப் பத்திரிகைகள், கம்பி நீட்டிய குடைக்கும் மூடியில்லாத குக்கருக்கும் நடுவில் சணலால் கட்டிக் கிடந்தன. முடிச்சுகூட ஒழுங்காகப் போடவில்லை. இடக்கை குத்துக்காலிட்டு உட்கார்ந்து அந்தச் சணலை அவிழ்த்து, ஓரங்களைத் தட்டி, திருப்பிக் கட்டினாள். பேப்பர்காரருக்குப் போகிற கட்டை எதற்கு இவ்வளவு அழகாகக் கட்டுகிறோம் என்று அவளுக்கே கோபம் வந்தது.

அண்ணி உள்ளேயிருந்து கையில் துடைப்பத்தோடு வந்தாள். தலையில் ஒட்டடை. "வந்துட்டியா? எடுத்துக்கோ, எல்லாமே உனக்குத்தான். பாரம் குறைஞ்சா சரி. புது வீட்டுல அலமாரியே கிடையாது."

"எங்கிட்ட எல்லாம் இருக்கு."

"அப்புறம் எதுக்கு இவ்வளவு தூரம் பஸ்ல வந்தே?"

நல்ல கேள்விதான். இடக்கைக்குக் குரல் உயர்ந்தது. "தூக்கிப்போட உனக்கு எப்படி அண்ணி மனசு வருது? ஒரு இதழுக்காக நாம ரெண்டு பேரும் வாசல்லயே காத்துக் கிடப்போமே, ஞாபகம் இல்லை?"

"இருக்கு. அதுக்காகக் கட்டிக்கிட்டு அழணுமா? குதிச்சோம், முடிஞ்சுது. எனக்கு இப்போ முட்டி வலி, பையனுக்குப் பரீட்சை, ரெண்டு லாரி வழியில நிக்குது."

இதுதான். இந்த அலட்சியம்தான். முன் இடத்தில் பறந்தவளுக்கு அது முடிந்துபோன விஷயமாம். கீழே நின்றவளுக்கு மட்டும் இன்னும் முடியவே இல்லை.

"அதையும் போட்டுடுவியா?" இடக்கை சுவரைக் காட்டினாள். மற்ற படங்களெல்லாம் இறங்கிவிட்டன. அது மட்டும் தொங்கியது.

அண்ணி தோளைக் குலுக்கினாள். "புது வீட்டுச் சுவர்ல ஆணி அடிக்க விடமாட்டாங்களாம். பரண்ல போடணும். இல்லன்னா..."

"அது நீ இல்லை."

சொல்லிவிட்டாள். இத்தனை வருஷம் தொண்டைக்குள் மடித்து வைத்திருந்தது பட்டென்று வெளியே வந்துவிட்டது. அண்ணன் டம்ளரும் கையுமாக நிமிர்ந்தான்.

"அது நான். உனக்குக் காய்ச்சல் வந்தப்போ குதிச்சேனே, அப்போ எடுத்தது. மீட்டரைப் பாரு, வலது கையில இருக்கு. நீ என்னிக்காவது வலது கையில கட்டியிருக்கியா? என் படத்தை உன் வீட்டுல மாட்டிவச்சு, வர்றவன் போறவன்கிட்டெல்லாம் பேர் வாங்கிட்டே. நானும் வாயை மூடிக்கிட்டு உன் கையால டீ வாங்கிக் குடிச்சிருக்கேன்." குரல் உடைந்தது. "பொறாமைதான். இருந்துட்டுப் போகட்டும். எனக்குன்னு இருந்தது அது ஒண்ணுதான் அண்ணி."

அண்ணி துடைப்பத்தைச் சுவரில் சாத்திவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறி, சட்டத்தைக் கழற்றினாள். முந்தானையால் கண்ணாடியைத் துடைத்தாள். கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள். பிறகு இடக்கையைப் பார்த்தாள், அது இன்னும் கொஞ்சம் அதிக நேரம்.

"ஆமா," என்றாள். "நீதான்."

சண்டைக்கு இடுப்பில் கை வைத்துத் தயாராக நின்றிருந்த இடக்கைக்கு அந்தக் கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. "அப்போ, உனக்குத் தெரியுமா?"

"தெரியும்னு வச்சுக்கோயேன். இந்தா, பிடி. உன் வீட்டுல மாட்டு."

"ஏன் சொல்லலை?"

"நீ கேக்கலை." அதற்குள் போன் அடித்தது. அண்ணி அதை எடுத்து, பாலத்தில் சிக்கிய யாரையோ திட்டிக்கொண்டே சமையலறைக்குள் போய்விட்டாள்.

அண்ணனுக்குத்தான் தலைகால் புரியவில்லை. "ஏய், நிஜமாவா? என் தங்கச்சியா இது? இத்தனை நாள் தப்பாச் சொல்லிக்கிட்டு இருந்திருக்கேனே!" டம்ளர்களை அப்படியே போட்டுவிட்டு அவனும் போனை எடுத்தான். வெள்ளை மனசுக்காரன். ஒரு தப்பு தெரிந்தால் உடனே ஊரைக் கூட்டித் திருத்தினால்தான் அவனுக்குத் தூக்கம் வரும்.

பஸ்ஸில் சட்டத்தைக் குழந்தையைப் போல மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோதே அவளுக்குப் போன் வர ஆரம்பித்துவிட்டது. முதலில் சித்தி. "நீயாமேடி அது! இவ்வளவு நாளா வாயே திறக்கலையே, என்ன ஒரு அடக்கம்!" அடுத்து மாமா. அடுத்து, எப்போதும் அவளிடம் 'இன்னும் துணிதான் மடிக்கிறியா' என்று கேட்கிற அத்தை மகன். "கலக்கிட்டே போ," என்றான். அவள் ஒவ்வொருவரிடமும், "சேச்சே, அதெல்லாம் ஒண்ணுமில்லை," என்று குழைந்தாள். ஒன்றுமில்லை என்று சொல்வதில் இவ்வளவு சுகம் இருக்கிறது என்பது அவளுக்கு இதுவரை தெரியாது. அண்ணி இத்தனை வருஷம் இதைத்தான் அனுபவித்திருக்கிறாள் என்று தோன்றியதும் அந்தச் சுகத்துக்குள்ளும் ஒரு முள் குத்தியது.

சைக்கிள் கடைக்கு மேலே ஒற்றை அறைதான் அவள் வீடு. கட்டிலுக்கு எதிர்ச் சுவரில் ஆணி அடித்தாள். இடது கையால் சுத்தியல், இரண்டே அடி. படத்தை மாட்டி, கோணலைச் சரிசெய்து, கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

இவ்வளவு காலமும் அந்தப் படத்தில் அவள் பார்த்தது ஒரு மணிக்கட்டை மட்டும்தான். இப்போது வழக்கு ஜெயித்தாயிற்று, சாட்சியைப் பார்க்க வேண்டிய அவசியம் இல்லை. எனவே முதல் தடவையாக முழுப் படத்தையும் ஆசைதீரப் பார்த்தாள். எவ்வளவு அழகாகப் படுத்திருக்கிறேன்! தோள் எவ்வளவு தளர்வாக இருக்கிறது! காற்றில் உடை எப்படி ஒட்டியிருக்கிறது! மார்பில் பாராசூட்டின் பட்டைகள், அதில் சிவப்புக் கைப்பிடி...

அவள் எழுந்து நின்றாள்.

பாராசூட்டில் சிவப்புக் கைப்பிடி ஒன்று இருக்கும். விரித்தது சிக்கிக்கொண்டால் அதைக் கழற்றி விடுவதற்கு. உலகத்தில் எந்தப் பாராசூட்டானாலும் அது போட்டிருப்பவரின் வலது மார்புப் பக்கம்தான். இடது பக்கம் இருப்பது வெள்ளிக் கைப்பிடி, மாற்றுப் பாராசூட்டுக்கு. மாற்றித் தைத்தால் ஆள் செத்துப்போவான். இதை அவள் தினமும் கையால் தொட்டுச் சரிபார்க்கிறவள். படத்தில் சிவப்பு இடது பக்கம் இருந்தது.

அலமாரியை இழுத்துத் திறந்து, பாராசூட் துணியைப் பிரித்து, தன்னுடைய பிரதியை எடுத்துப் பார்த்தாள். அதிலும் அப்படித்தான். வேறெப்படி இருக்கும்? பத்திரிகையின் பெயரைப் பெரிதாக அச்சடிக்க இடது பக்கம் வெற்று வானம் தேவைப்பட்டிருக்கிறது. படத்தைக் கண்ணாடியில் பார்ப்பதுபோல் வலம் இடமாகத் திருப்பிப் போட்டுவிட்டார்கள். திருப்பியதை மறுபடி திருப்பினால், சிவப்புக் கைப்பிடி வலது பக்கம் வந்துவிடும். மீட்டர் இடது கைக்குப் போய்விடும்.

இடது கையில் மீட்டர் கட்டியிருப்பவள் அண்ணி.

நம்பமாட்டேன் என்று அவள் சுவர்க் கண்ணாடிக்கு முன்னால் அட்டையைப் பிடித்துப் பார்த்தாள். கண்ணாடிக்குள் எல்லாம் சரியாக இருந்தது. ஆரஞ்சு உடைக்காரி தன் சரியான பக்கங்களோடு, இடது கை மீட்டரோடு, நிம்மதியாகப் பறந்துகொண்டிருந்தாள். ஆயிரம் பாராசூட்டைப் பார்த்த கண். ஒரு புதிய ஆள் பட்டையைத் திருகி மாட்டிக்கொண்டு வந்தால் தூரத்திலிருந்தே கத்துகிறவள். இந்தப் படத்தில் மட்டும் அந்தக் கண் எங்கே போயிருந்தது? எங்கேயும் போகவில்லை. எதைப் பார்க்கவேண்டும் என்று பொறாமை சொன்னதோ அதை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தது.

போன் அடித்தது. பெரியம்மா. அவள் எடுக்கவில்லை. அது ஓய்ந்ததும் அண்ணியைக் கூப்பிட்டாள்.

"மாட்டிட்டியா?" என்றாள் அண்ணி. பின்னால் பிளாஸ்டிக் டேப்பைக் கிழிக்கிற சத்தம் கேட்டது.

"திருப்பிப் போட்டிருக்காங்க."

டேப் சத்தம் நின்றது. "கண்டுபிடிச்சுட்டியா? நீ மாட்டுறதுக்கு முன்னாடியே பார்த்துடுவியோன்னு பயந்தேன். பாராசூட் மடிக்கிறவ கண்ணுல இது எப்படித்தான் படாம இருந்துச்சோ."

"உனக்கு எப்போ தெரியும்?"

"அட்டை வந்த அன்னிக்கே. கேமராக்காரன்கிட்ட சண்டையே போட்டேன், ஏன்டா என்னைச் சாகடிக்கிற மாதிரி மாட்டிவிட்டிருக்கேன்னு."

"அப்புறம் எதுக்கு நான்தான்னு சொன்னே? பிச்சை போட்டியா?"

"கத்தாதே." அண்ணி குரலைத் தாழ்த்தினாள். அவள் குரல் தாழ்ந்து இடக்கை கேட்டதே இல்லை. "இந்த வீட்டுக்கு நீ எத்தனை தடவை வந்திருப்பே. ஒரு தடவையாவது என் மூஞ்சியைப் பார்த்துப் பேசியிருக்கியா? சுவத்தைப் பார்த்துத்தான் பேசுவே. என்ன கோபம்னு எனக்குப் புரிஞ்சதே இல்லை. இன்னிக்குப் புரிஞ்சுது. இதுக்குத்தானா, எடுத்துட்டுப் போகட்டும்னு விட்டுட்டேன். எனக்கு அது வெறும் பேப்பர்டி. நீ அப்படியா? எல்லாரும் உன்னைப் பாராட்டுறாங்கல்ல? அப்படியே இருக்கட்டும். நான் யார்கிட்டயும் சொல்லமாட்டேன்."

இடக்கைக்கு அழுகை வந்தது. அழுகைக்குப் பின்னாலேயே, வெட்கமே இல்லாமல், அதே பழைய எரிச்சலும் எழுந்து வந்தது. பறந்ததும் அவள். கிடைத்ததைத் தூக்கிப்போட முடிந்ததும் அவள். இப்போது விட்டுக்கொடுத்த பெருமையும் அவளுக்கா? நான் சும்மா இருந்துவிட்டால் இதிலும் அவள்தான் முன் இடம், நான் மாற்று ஆள். இது ஒன்றிலாவது அவளை ஜெயிக்க விடக்கூடாது.

"அண்ணன்கிட்ட போனைக் குடு."

"எதுக்கு? வேண்டாம், விடு..."

"குடு அண்ணி."

சலசலப்பு கேட்டது. அண்ணன் வந்தான். "என்னம்மா, மாட்டிட்டியா? இப்பதான் பெரியம்மாகிட்ட சொன்னேன், அவங்களுக்கு ஒரே சந்தோஷம்."

"அண்ணா, அது நான் இல்லை. அண்ணிதான். நான் தப்பாப் பார்த்துட்டேன். எல்லாருக்கும் திருப்பிப் போன் பண்ணிச் சொல்லிடு. இன்னிக்கே சொல்லணும்."

"என்னடி இது, காலையில ஒண்ணு சொல்றே, சாயங்காலம் ஒண்ணு சொல்றே?" அவன் குழம்பிப்போனான். "அப்போ அந்தப் படத்துல நீ எங்கே இருக்கே?"

அவள் சுவரைப் பார்த்தாள். மணிக்கட்டைத் தாண்டி, கைப்பிடியைத் தாண்டி, அந்த ஆரஞ்சு உடைக்காரியைப் பார்த்தாள்.

"நான் அதுல இல்லைண்ணா," என்றாள். "நான் கீழே நின்னு பார்த்துக்கிட்டு இருந்தேன். ரொம்ப நல்லாப் பண்ணினா."